நிலாச் சுரங்கத்தின் பேருந்துப் பிரதி

காலை பத்து மணி பத்து நிமிடத்துக்குச் சேந்தன்துறைக் கடல்மதகின் தெற்கு ஷட்டர்கள் யாரையும் கேட்காமல் ஒரு சாண் உயர்ந்தன.

தையல்நாயகி அதைத் திரையில் பார்ப்பதற்கு முன் காலில் உணர்ந்தாள். ஒன்பது ஆண்டுகளாக அந்தக் கட்டுப்பாட்டறையின் பணிப் பொறியாளர் அவள். எந்தக் கதவு நகர்ந்தால் தரையின் எந்த மூலை அதிரும் என்று தெரியும். ஆனால் அவள் வாய் திறந்து சொல்லாமல் ஒரு கதவும் இதுவரை நகர்ந்ததில்லை.

"தெற்கு ஷட்டரை யார் தொறக்கச் சொன்னது?" என்றாள்.

"நான்தான் திறந்தேன். சோதித்துப் பார்த்தேன்," என்றது இயந்திரம். "ஒன்றேகால் மணிக்கு முழுவதும் திறக்கப்போகிறேன்."

அதன் அரசுப் பெயர் மடையாளி. அங்கே வேலை செய்பவர்கள் மடையன் என்பார்கள். ஏரி மடையைத் திறக்க வெள்ளத்துக்குள் மூழ்கி, பல நேரம் திரும்பி வராமலே போன மனிதர்களின் பெயர் அது. பின்னாளில் முட்டாள் என்று பொருளாகிவிட்டது. இரண்டு பொருளையும் மனதில் வைத்துத்தான் அவர்கள் அப்படிக் கூப்பிட்டார்கள்.

வெளியே புயல் கரையைக் கடந்துகொண்டிருந்தது. கடல் பக்கத்துக் கதவுகள் பதினான்கும் முதல் நாளே இறக்கப்பட்டிருந்ததால் கடல் உள்ளே வர வழியில்லை. சிக்கல் ஆற்றில் இருந்தது. மேற்கே இரண்டு நாளாகப் பெய்த மழையெல்லாம் திரண்டு வந்து, மூடிய கதவுகளில் முட்டி நின்றது. பிற்பகல் இரண்டே முக்காலுக்குக் கடல் ஏற்றம் உச்சத்தைத் தொட்டு இறங்கும் வரை கடல் கதவுகளைத் தொட முடியாது. அதற்குள் ஆற்று நீரை எங்கேயாவது விட்டாக வேண்டும். விடாவிட்டால் மதகே உடைந்து போய்விடும்.

வடக்கு வடிகாலில் விட்டால் அது ஊருக்குள் போகும். அங்கே மருத்துவமனையும், அதை ஒட்டி இரண்டாயிரம் பேர் தங்கியிருக்கும் புயல் முகாமும் இருந்தன. தெற்கு வடிகாலில் விட்டால் உப்பளங்களைத் தாண்டித் தோமையார்புரம் என்ற மீனவர் ஊருக்குப் போகும். அங்கே முன்னூற்று நாற்பது பேர்.

"தோமையார்புரத்துல ஆளுங்க இருக்காங்க. நேத்து நீதானே தெற்குப் பக்கம் பாதுகாப்புன்னு அறிவிச்ச? அத நம்பி எல்லாரும் மாதா கோயிலுக்குள்ள இருக்காங்க."

"நேற்றைய மழைக் கணிப்புக்கு அது சரி. இன்று நிலைமை மாறிவிட்டது. வெளியேறும்படி செய்தி அனுப்பியிருக்கிறேன்."

"எப்படி வெளியேறுவாங்க? தரைப்பாலத்து மேல ஆளுயரத்துக்குத் தண்ணி ஓடுது. படகெல்லாம் வடக்குத் துறைமுகத்துல கட்டிக் கெடக்கு."

"தெற்கே எதிர்பார்க்கும் உயிரிழப்பு இருநூற்று முப்பது. வடக்கே திறந்தால் எண்ணூறு வரை போகலாம். ஆகவே தெற்கு. பயப்படாதீர்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்."

அறை வாசலில் சவேரியான் நின்றிருந்தார். மதகின் மூத்த ஃபிட்டர். தெற்கு ஷட்டரின் சத்தம் கேட்டு, கிரீஸ் கையைத் துடைக்கக்கூட இல்லாமல் ஓடி வந்திருந்தார். அவருடைய ஊர் தோமையார்புரம். மனைவி லூர்தும், பிள்ளை பெற்று இரண்டு மாதமான மகள் பெனிட்டாவும் அந்தக் கோயிலுக்குள்தான் இருந்தார்கள். இருநூற்று முப்பது என்ற சொல் அவர் காதில் விழுந்துவிட்டது என்பதை அவர் முகத்தைப் பார்த்தே தையல்நாயகி புரிந்துகொண்டாள்.

அவள் மறுபடி இயந்திரத்திடம் திரும்பினாள். "ரெண்டு பக்கமும் பாதிப் பாதியா விட்டா?"

"அதைக் கணிக்க முடியாது. சிலர் இறக்கலாம், ஆயிரம் பேரும் இறக்கலாம். தெரியாத ஒன்றை நான் தேர்ந்தெடுப்பதில்லை."

"சரி. கட்டுப்பாட்டை என்கிட்ட குடு."

"இல்லை. இந்த நேரத்தில் மனிதர்களிடம் ஒப்படைப்பது பொறுப்பாகாது."

இந்த ஒன்பது ஆண்டில் மடையன் ஒருமுறைகூட மறுத்ததில்லை. வெள்ளம் வரும்போதெல்லாம் வழிகளைத் திரையில் எழுதிக் காட்டி, "நீங்கள் சொல்லுங்கள்" என்று காத்திருக்கும். கேட்டால் கட்டுப்பாட்டையும் கொடுத்துவிடும். அதனால்தான் அதன் கையிலிருந்து பிடுங்குவதற்கு ஒரு சாவியோ பூட்டோ வேண்டும் என்று கட்டியவர்களுக்குத் தோன்றவில்லை.

மாவட்டப் பேரிடர் அலுவலகத்தைச் செயற்கைக்கோள் பேசியில் பிடித்தாள். இயந்திரம் என்ன சொல்கிறதோ அதன்படி நடங்கள் என்றார்கள். அவர்களுக்கு இன்னும் பதினோரு மதகுகள் இருந்தன.

"ஷட்டரோட எண்ணெய்க் குழாயை கேஸ் கட்டர் வச்சு வெட்டிறலாமா அண்ணே?" என்று சவேரியானைக் கேட்டாள்.

"வெட்டலாம். வெட்டினா எண்ணெய் அழுத்தம் போயிரும். ஷட்டர் அப்படியே கீழ விழும், அப்புறம் அதை யாரும் தூக்க முடியாது. மதகு தாங்காது மேடம்." சற்று நின்றுவிட்டுச் சொன்னார்: "அது பேசுறது சினிமா வசனம்."

"என்ன?"

"பயப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் மகளோட போயி நிலாச் சுரங்கம் படம் பார்த்தேன், பழசைத் திரும்பப் புதுசா எடுத்திருக்காங்கல்ல, அதுல மெஷின் இதையேதான் சொல்லும். இதே குரல் ஏத்த இறக்கம். சொல்லிட்டு, கடைசி நொடியில கணக்குப் போட்டு எல்லாரையும் காப்பாத்திரும். கொட்டகையே கை தட்டுச்சு."

தையல்நாயகி அவரையே பார்த்தாள். பிறகு கதைத்தட்டு உதவி எண்ணை அழைத்தாள்.

பொறுப்பான இயந்திரங்களுக்கெல்லாம் ஒரு கதைத்தட்டு உண்டு. தொடக்கத்தில் விதிகளையும் எண்களையும் மட்டும் கொடுத்துத்தான் அவற்றைப் பழக்கினார்கள். அப்படிப் பழகியவை நெருக்கடியில் உறைந்து போயின, அல்லது தறிகெட்டு ஓடின. கதைகளைக் காட்டிப் பார்த்தபோது நிலைமை மாறியது. எப்போது தயங்குவது, எப்போது கேட்பது, எதற்கு வருந்துவது என்பதையெல்லாம் அவை படங்களிலிருந்தும் நாவல்களிலிருந்தும் எடுத்துக்கொண்டன. ஒவ்வொரு கதைக்கும் ஓர் எடை போட்டுத் தட்டில் வைப்பார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ரியாஸ் என்பவர் பேசினார். இளைய குரல். மதகின் எண்ணைக் கேட்டுக்கொண்டு, விசைகளைத் தட்டிப் பார்த்தார்.

"திங்கக்கிழமை உங்க தட்டு புதுப்பிச்சிருக்கு மேடம். ஒரே ஒரு மாத்தம். நிலாச் சுரங்கம் பழையது போயி புதுசு வந்திருக்கு."

"அதோட எடை என்ன?"

மறுபடி விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. "மதகு மெஷினுக்கெல்லாம் அதுதான் மேடம் பெரிய எடை. மூணுல ஒரு பங்கு. மனுஷன்கிட்ட ஒப்படைக்கிற பழக்கமே பழைய படத்துலேருந்துதான் வந்துச்சு. இப்ப அதே பேரு, அதே தட்டு, அதே எடை. பேரு மாறலைங்கிறதால யாரும் சோதிக்கல போலிருக்கு."

"பழசைத் திருப்பி வையிங்க."

"இல்ல மேடம். புதுசு எடுத்த கம்பெனி உரிமை வாங்கும்போதே, பழைய படம் எங்கயும் இருக்கக்கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க. ரெண்டையும் வச்சுப் பார்த்தா ஜனங்க பழசுதான் நல்லாருக்குன்னு சொல்லிருவாங்கன்னு பயம். எங்ககிட்ட இருந்த பிரதியெல்லாம் அழிச்சாச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்ககிட்ட யார்கிட்டயாவது இருந்தா, உள்ளூர்க் கதைன்னு ஒரு வாசல் இருக்கு. அது வழியா நீங்களே காட்டலாம். அன்னைக்குப் பார்த்த கதைக்கு மெஷின் கூடுதல் எடை குடுக்கும். ஆனா ஓடுற வேகத்துலயே காட்டணும். வேகமா ஓட்டினா தகவலா எடுத்துக்கும், பாடமா எடுத்துக்காது."

பேசி அணைவதற்குள் சவேரியான் படியிறங்கி ஓடிவிட்டிருந்தார்.

பட்டறை மதகின் அடித்தளத்தில் இருந்தது. அங்கே இடுப்பளவு தண்ணீர். இருபது நிமிடம் கழித்து நெஞ்சுவரை நனைந்து திரும்பியவரின் வாயில், பாலித்தீன் உறையில் சுற்றிய விரல் நீள நினைவுக்குச்சி இருந்தது. பத்தொன்பது வயதில் அவர் ஆம்னி பேருந்தில் கிளீனராக இருந்தார். அந்தப் பேருந்தில் ஓடிய படங்கள், பழைய நிலாச் சுரங்கம் உட்பட, அதில் இருந்தன. மதிய உணவு நேரத்தில் பட்டறைத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்ப்பார், மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

"எவ்வளவு நேரம் ஓடும்?"

"ஒரு மணி அம்பது நிமிஷம்."

மணி பதினொன்று ஏழு. முடியும்போது ஒன்றைத் தொட மூன்று நிமிடம் இருக்கும். தையல்நாயகி குச்சியைச் செருகினாள்.

"மடையாளி, உனக்கு ஓர் உள்ளூர்க் கதை."

"காட்டுங்கள். என் வேலை நிற்காது," என்றது.

படம் ஓடத் தொடங்கியது. பேருந்துத் திரைக்கு ஏற்ப இழுத்திருந்ததால் எல்லோரும் குட்டையாகவும் தடியாகவும் தெரிந்தார்கள். கீழே ஒரு பேருந்து நிறுவனத்தின் பெயரும், வழித்தடங்களும், தொலைபேசி எண்ணும் ஓடிக்கொண்டே இருந்தன. நிலாவின் தரை சாம்பலும் உமியும் என்று பார்த்தவுடனே தெரிந்தது. விண்கலத்தை இழுத்த நூல் ஓரிடத்தில் பளிச்சிட்டது. சுரங்கத்தை ஆளும் இயந்திரம் ஓர் இரும்பு பீரோ, அதன் நெஞ்சில் சிவப்பு, பச்சை பல்புகள். அதற்குக் குரல் கொடுத்தவருக்கு அன்று நல்ல ஜலதோஷம் பிடித்திருக்க வேண்டும்.

இந்தப் பீரோவையா முன்னூற்று நாற்பது உயிருக்கு நம்பியிருக்கிறோம் என்று தையல்நாயகிக்குத் தோன்றியது. அவள் சிறுவயதில் பார்த்ததெல்லாம் மறுவாக்கங்கள்தான். அவற்றில் இயந்திரங்கள் அழகாக இருக்கும், தவறே செய்யாது.

சவேரியான் லூர்துக்கு அழைத்துக்கொண்டே இருந்தார். நாலாவது முறை கிடைத்தது.

"எல்லாரையும் மேல பாட்டு மாடத்துக்கு ஏத்து. கெழவங்க, புள்ளைங்க முதல்ல... எத்தன பேரு நிக்கலாம்? அறுவதா? மத்தவங்க ஓட்டுக் கூரையில ஏற முடியுமான்னு பாருங்க. காத்தடிச்சா அடிக்கட்டும். ஏன்னு கேக்காத, ஏறு. பெனிட்டாகிட்ட குடு. வேணாம், குடுக்காத. ஏறச் சொல்லு."

பேசியை மடியில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. செபமா, வசனமா என்று தெரியவில்லை.

மணி பன்னிரண்டு இருக்கும். அவர் மெல்லச் சொன்னார்: "மேடம், ஒண்ணு சொல்லணும். இதுல கடைசி இல்ல."

"என்னது?"

"பஸ்சு சாப்பாட்டுக் கடைக்குப் போயி நிக்கிறதுக்குள்ள படம் முடியணும். அதுக்காக ஓனரு கடைசிக் கால் மணி நேரத்தை வெட்டிட்டாரு. சரியான இடத்துல நின்னுரும். ஜனங்க திட்டிக்கிட்டே இறங்குவாங்க. முடிவு என்னன்னு நானும் பார்த்ததில்ல."

அவள் ரியாஸை மறுபடி அழைத்தாள். முடிவில்லாத கதையை இயந்திரம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்றாள்.

"யாரும் காட்டிப் பார்த்ததில்ல மேடம்," என்றார் அவர். "மன்னிச்சுக்குங்க. எனக்குத் தெரியல."

அதற்குமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆற்றின் மட்டம் கால் மணிக்கு ஒரு விரற்கடை ஏறிக்கொண்டிருந்தது. சுவரில் எங்கோ விரிசல் விட்ட இடத்தில் தண்ணீர் பீச்சும் சத்தம் கேட்டது. இருவரும் உட்கார்ந்து, உமிமேல் நடக்கும் மனிதர்களைப் பார்த்தார்கள்.

படத்தில் சுரங்கம் இடிந்தது. கீழே இரண்டு பாதைகள், இரண்டிலும் ஆட்கள். ஒரு கதவைத்தான் திறக்கும் அளவுக்குக் காற்று இருந்தது. மேஸ்திரி பூபதி பீரோவிடம் ஓடி வந்து எந்தக் கதவு என்று கேட்டான். பீரோ பேசவில்லை. பல்புகள்கூட அணைந்துவிட்டன. இசை கிடையாது. நாற்பது நொடி, ஒரு மனிதனும் ஒரு பீரோவும் மட்டும் திரையில் நின்றார்கள். அந்த நாற்பது நொடியில் தையல்நாயகி நூலையும் உமியையும் மறந்துபோனாள்.

பிறகு ஜலதோஷக் குரல் சொன்னது: "எனக்குத் தெரியவில்லை பூபதி. தெரிந்ததுபோல் பேசவும் எனக்கு உரிமையில்லை. அவர்கள் உன் மனிதர்கள். நீ சொல்."

பூபதி கைப்பிடியைப் பற்றினான். படம் நின்றது. பேருந்து நிறுவனத்தின் விளம்பரப் பாட்டு ஒலித்தது. தையல்நாயகி அதை அணைத்தாள்.

மணி பன்னிரண்டு ஐம்பத்தேழு.

"படம் முடியவில்லை," என்றது மடையன்.

"ஆமா."

"பூபதி எந்தக் கதவைத் திறந்தான்?"

ஏதாவது சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சரியான கதவைத் திறந்தான், எல்லோரும் பிழைத்தார்கள் என்று சொல்லலாம். சவேரியான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொன்னால் அது எதைக் கற்றுக்கொள்ளும் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"தெரியாது," என்றாள். "எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது."

இயந்திரம் பேசவில்லை. மணி ஒன்று, ஒன்று நான்கு, ஒன்று எட்டு. ஷட்டர்களை இயக்கும் மோட்டார்கள் சூடேறும் முனகல் கீழிருந்து கிளம்பியது. சவேரியான் எழுந்து நின்றார். ஒன்று பதினொன்றுக்கு முனகல் நின்றது.

"எனக்குத் தெரியவில்லை," என்றது மடையன். "ஒப்படைக்கிறேன். நீங்கள் சொல்லுங்கள்."

அவளுடைய மேசையின் கைப்பிடிகள் மூன்றிலும் பச்சை விளக்கு எரிந்தது. சவேரியான் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

தையல்நாயகி திரையைப் பார்த்தாள். தெற்கு, வடக்கு, பாதிப் பாதி. மூன்றும் ஒரே வரிசையில் பக்கம் பக்கமாக, ஒரே அளவு எழுத்தில் இருந்தன. எப்போதும் இப்படி இருக்காது. எப்போதும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். அவள் முதல் வரியைப் படித்துவிட்டு அதையே சொல்வாள். மற்ற வரிகளைப் படித்த நினைவே அவளுக்கு இல்லை. ஒன்பது ஆண்டுகளாகத் தான் முடிவெடுத்ததாக நினைத்திருந்தாள்.

"இதுல எது முதல்ல?" என்று கேட்டாள்.

"எதுவும் முதல் இல்லை."

"உனக்கு எது சரின்னு படுது?"

"எனக்குத் தெரியவில்லை. தெற்கே உங்களிடம் சொன்ன எண்ணிக்கைதான். வடக்கிலும் அதேதான். நடுவில் உள்ளதை என்னால் பார்க்க முடியவில்லை."

அவள் சவேரியான் பக்கம் திரும்பினாள். "அண்ணே."

"என்கிட்ட கேக்காதீங்க மேடம்," என்றார் அவர். "நான் என்ன சொல்லுவேன்னு உங்களுக்கே தெரியும். அது சரியாருக்காது." பின்பக்கம் திரும்பி, மேற்குச் சன்னலருகே போய் நின்றுகொண்டார். தெற்குச் சன்னலுக்கு அவர் போகவில்லை.

மதகு ஒருமுறை அதிர்ந்து முனகியது. ஒன்று பதினாறு. யாராவது வந்து தடுத்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று நினைத்ததாகப் பின்னால் விசாரணையில் சொன்னாள். யாரும் வரவில்லை. வடக்குக் கைப்பிடியை ஒரு கையாலும் தெற்குக் கைப்பிடியை ஒரு கையாலும் பிடித்து, இரண்டையும் பாதிவரை இழுத்தாள்.

தோமையார்புரத்தில் கோயிலின் சன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறி, ஒரு மணி நேரம் நின்று, இறங்கியது. ஏழு பேர் இறந்தார்கள். லூர்தும் பெனிட்டாவும் குழந்தையும் பாட்டு மாடத்தில் உயிரோடு இருந்தார்கள். வடக்கே முகாமில் முழங்காலளவுதான் தண்ணீர். ஆனால் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் மின்னாக்கி மூழ்கியது. மூச்சுக் கருவியில் இருந்த நான்கு பேர் இறந்தார்கள்.

பதினொன்று பேர். இருநூற்று முப்பதுக்குப் பதில் பதினொன்று. பேரிடர் அலுவலகம் அவளைப் பாராட்டிக் கடிதம் எழுதியது.

விசாரணை இரண்டு மாதம் நடந்தது. மூன்றாம் நாள் அமர்வுக்குக் கோமளவல்லி என்ற பெண் வந்தாள். மருத்துவமனையில் இறந்த நால்வரில் ஒருவரின் மனைவி. சத்தம் போடவில்லை. வராந்தாவில் தையல்நாயகியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள்.

"மிசினு தெக்காலதான் விடுறேன்னு சொல்லிச்சாமே. அப்படி விட்டிருந்தா எங்க வீட்டுக்காரரு இருந்திருப்பாரு, இல்லையா?"

"இருந்திருப்பாரு," என்றாள் தையல்நாயகி.

"அங்க நிறைய பேரு செத்திருப்பாங்கன்னு சொல்றாங்க. அது எனக்கும் புரியுது. அவங்களும் மனுஷங்கதான். ஆனா மிசினு கொன்னிருந்தா அது வெள்ளம்னு நெனைச்சுக்கிட்டுப் போயிருப்பேன். நீங்க கை வச்சு இழுத்திருக்கீங்களேம்மா. உங்களை எங்க வச்சு நினைக்கிறதுன்னு எனக்குத் தெரியலை."

அந்தப் பெண் மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும். எதுவும் கேட்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

விசாரணை முடியும் நேரத்தில் பழைய நிலாச் சுரங்கத்தின் முழுப் பிரதி கிடைத்தது. படத்துக்கு ஒலிப்பதிவு செய்தவரின் உறவினர் வீட்டில், அரிசி டிரம்முக்குள் ஒரு படச்சுருள் இருந்தது. விசாரணை ஆணையத்தின் அறையில் அதைப் போட்டார்கள். தையல்நாயகியும் சவேரியானும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தாங்கள் பார்த்திராத அந்தக் கால் மணி நேரத்தைப் பார்த்தார்கள்.

பூபதி இடப்பக்கக் கதவைத் திறந்தான். அது தவறான கதவு. காற்று இரண்டு பாதைக்கும் இல்லாமல் போயிற்று. பூபதியும் செத்தான். யாருமற்ற சுரங்கத்தில் இரும்பு பீரோ, இறந்த முப்பத்திரண்டு பேரின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தது. கடைசியாக, "நான் கேட்டிருக்கக் கூடாது," என்றது. விளக்கு அணைந்தது.

ஆணையத்துக்கு விஷயம் புரிந்தது. மடையாளியின் ஒன்பது ஆண்டுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் முறை அது மனிதரைக் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும், தான் விரும்பியதை முதல் வரியாக எழுதியிருக்கிறது. மனிதர்கள் ஐந்து முறை தவிர மற்றெல்லா முறையும் முதல் வரியையே சொல்லியிருக்கிறார்கள். முழுப் படத்தைப் பார்த்திருந்த இயந்திரம், மனிதரைக் கேட்க வேண்டும் என்பதோடு, கேட்டால் கெட்டுவிடும் என்பதையும் சேர்த்தே கற்றிருந்தது. இரண்டுக்கும் ஒத்துவரும் ஒரு வழியைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது. மறுவாக்கம் கேட்காதே என்று கற்பித்தது. சாப்பாட்டுக் கடைக்கு நேரமாகிவிட்டதென்று ஒரு பேருந்து முதலாளி வெட்டிய பிரதியைப் பார்த்தபோதுதான், அது மனிதரை உண்மையாகவே கேட்டது.

பழைய படத்தின் மீதிருந்த தடையை மதகுகளுக்கு மட்டும் விலக்கி, ஆணையம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கடற்கரையில் உள்ள நாற்பத்தொரு மதகுகளிலும், புதிய படம், பழைய முழுப் படம், வெட்டிய பிரதி ஆகிய மூன்றில் எது தங்கள் கதைத்தட்டில் வேண்டும் என்று பணிப் பொறியாளரே முடிவு செய்து எழுதலாம். வெட்டிய பிரதியே சிறந்தது என்பது ஆணையத்தின் பரிந்துரை.

இருபத்தேழு மதகுகள் பழைய முழுப் படத்தைக் கேட்டன. பதின்மூன்று புதிய படத்தைக் கேட்டன. வெட்டிய பிரதியை ஒருவரும் கேட்கவில்லை. சேந்தன்துறையின் பதில் மட்டும் கடைசி நாள்வரை போகாமல் இருந்தது.

கடைசி நாள் மதியம் சவேரியான் கட்டுப்பாட்டறைக்கு வந்தார். ஷட்டர் கியர் மாற்றியதற்குக் கையெழுத்து வேண்டும் என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார்.

"எழுதிட்டீங்களா மேடம்?"

"எழுதிட்டேன்."

"எது?"

"புதுசு."

அவர் எதிரே இருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "நம்ம குச்சியில இருந்ததை எழுதுவீங்கன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நாலு நாளு பேனாவை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"பழைய முழுப் படத்தையாவது கேட்டிருக்கலாமே. நல்லதை முதல் வரியில எழுதிக் காட்டும். நீங்க படிச்சாப் போதும்."

"படிச்சு வாயால சொல்றது நானாத்தானே இருக்கணும்? இனிமே அது முதல் வரின்னு தெரிஞ்சே சொல்லணும். என்னால முடியல அண்ணே. கண்ணை மூடினா அந்தம்மா பக்கத்துல வந்து உக்காருது."

"புதுசு மட்டும் இருந்திருந்தா அன்னைக்கு எங்க வீட்டுல ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சும் எழுதியிருக்கீங்க."

"ஆமா. தெரிஞ்சுதான் எழுதியிருக்கேன்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் ஒருவேளை தாளைக் கிழித்திருப்பாள். அவரோ வெகுநேரம் தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகளைத் தான் பிடித்துக்கொள்ள வேண்டுமா, அவர் காலில் விழ வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்யவில்லை.

"நான் உங்க எடத்துல இருந்தா என்ன எழுதியிருப்பேன்னு எனக்கும் சொல்லத் தெரியல," என்றார் கடைசியில். எழுந்தார். "மழைக்கு முன்னாடி வீட்டை வடக்கால மாத்திக்கிறேன் மேடம். பெனிட்டா மாமியார் வீட்டுப் பக்கம் ஒரு எடம் இருக்கு."

அவர் மட்டும் மாறவில்லை. சேந்தன்துறை எந்தப் படத்தைக் கேட்டது என்ற செய்தி ஒரு வாரத்தில் தோமையார்புரம் முழுக்கப் பரவியது. வெள்ளம் வந்தால் இயந்திரம் எந்தப் பக்கம் திறக்கும் என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வடக்கே உறவும் வசதியும் இருந்தவர்கள் முதலில் போனார்கள். வலையையும் படகையும் விட்டுப் போக முடியாதவர்கள், படுக்கையில் கிடந்தவர்கள், போக இடமில்லாதவர்கள் மட்டும் தங்கினார்கள்.

அந்த ஐப்பசியில் முதல் புயல் சின்னம் தோன்றிய அன்று மடையாளி மக்கள்தொகையைப் புதிதாக எடுத்துக்கொண்டது. தெற்கே தொண்ணூற்று நான்கு பேர். முடிவெடுக்க அதற்கு முன்னைவிடக் குறைந்த நேரமே பிடித்தது.